உடைக்க முன் கடிதம் வாங்குங்கள்: தொல்பொருள் தாக்க மதிப்பீடு

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கோயில். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பழைய மண்டபத்தை உடைக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் வேலை நின்றது. சுவாமி தகரக் கொட்டகைப் பாலாலயத்தில் பதினொரு மாதம் இருந்தார். பொருளாளர் ஐயா ஒரு நீலப் பிளாஸ்டிக் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். பைலுக்குள் மாநகர சபை அனுமதி இருந்தது. அது போதும் என்று அவருக்குச் சொன்னவர் படம் கீறிக் கொடுத்த ஆள். அது போதவில்லை, தொல்பொருள் திணைக்களத்தின் கடிதமும் வேண்டியிருந்தது.

சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். 1998இல் திருத்தினார்கள். எந்தெந்த வேலைகளுக்குத் தாக்க மதிப்பீடு (அந்த வேலையால் பழைய சின்னங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே பார்ப்பது) வேண்டும் என்பது 2000 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தது. மதிப்பீட்டுச் செலவு வேலை செய்விப்பவர் தலையில். சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

அதிகம் பேர் விழும் குழி காணி அளவு. கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட காணி என்றால் மதிப்பீடு என்பார்கள். அது கிட்டத்தட்ட 99 பேர்ச். வெள்ளவத்தையில் பத்துப் பேர்ச் வைத்திருப்பவர் 'அப்ப எனக்கில்லை' என்று நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றிலிருந்து 400 யாருக்குள் கட்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைச் சுற்றி 400 யார் நடந்து பாருங்கள், எத்தனை கடை, எத்தனை கந்தோர் அதற்குள் வருகிறது என்று தெரியும். காணி எவ்வளவு சிறியது என்பது அங்கே பேச்சே இல்லை.

அடுத்தது வயது. 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம் சட்டத்தின் வரைவிலக்கணப்படியே புராதன சின்னம். நூறு வருஷக் கட்டடம் அப்படியல்ல, அதை வர்த்தமானியில் அறிவித்திருக்க வேண்டும். 'நூறு தாண்டினால் அரசாங்கம் எடுத்துவிடும்' என்று பயம் காட்டிக் காணியை அடிமாட்டு விலைக்கு வாங்கிய தரகர்களை நான் பார்த்திருக்கிறேன். வர்த்தமானியைக் காட்டு என்று கேளுங்கள். மறுபக்கம், அறிவிக்கப்பட்ட கட்டடமென்றால் பழுது பார்ப்பதற்கும் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி தேவை. 'நாங்கள் உடைக்கவில்லையே, திருத்தத்தானே செய்தோம்' என்பது எடுபடாது.

பெரிய வேலைக்காரருக்கு இன்னொன்று: சுற்றாடல் அனுமதி வேறு, இது வேறு. பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காகக் கொழும்பு 7இல் தொல்பொருள் திணைக்களத்திடம் மற்றது தானாக வராது. இரண்டு கந்தோரும் ஒன்றோடொன்று பேசும் என்று நம்பி இருக்காதீர்கள்.

சரி, மதிப்பீட்டை யார் செய்வது? என் கோபம் இங்கேதான். குழி தோண்டி 'ஓட்டுத் துண்டு எதுவும் இல்லை' என்று அரைப் பக்கம் எழுதுவது மதிப்பீடு அல்ல. கொழும்பில் ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம் 1757இல் கட்டி முடிந்தது, கபுக் கல் சுவர். பக்கத்துக் காணியில் பைலிங் அடித்தால் அந்தச் சுவர் என்னவாகும், மேட்டிலிருக்கும் கட்டடத்தை மாடிவீடுகள் மறைத்தால் என்னவாகும், சுற்றி இருக்கும் சனத்தின் புழக்கம் எப்படி மாறும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். யுனெஸ்கோ, இக்ரோம், இகோமொஸ், ஐ.யு.சி.என் என்று மரபுரிமையையும் இயற்கையையும் பாதுகாக்கும் சர்வதேச அமைப்புகள் நான்கும் சேர்ந்து 2022இல் தாக்க மதிப்பீட்டுக்கு ஒரு வழிகாட்டியே போட்டிருக்கின்றன. உங்கள் காணிக்கு வருபவரிடம் அதைப் படித்தீர்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

தொல்லியல் படித்த நம் பிள்ளைகள் பயிற்சி பற்றி என்னிடம் கேட்பதுண்டு. கொழும்பிலேயே களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். சர்வதேசப் பயிற்சி என்றால் விளம்பரத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். பயணச் செலவு யார் கையில், எத்தனை வருட வேலை அனுபவம், அலுவலகக் கடிதம் வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அரச வேலையில் இருப்பவர் அந்தக் கடிதத்தை முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே கேட்க வேண்டும். மேசையில் கிடந்தே காலாவதியான கடிதங்கள் எனக்குத் தெரியும். அப்புறம், இரண்டு கிழமைச் சான்றிதழ் அனுமதிப்பத்திரம் அல்ல. அதைக் காட்டி மதிப்பீடு செய்து தருகிறேன் என்று காசு வாங்காதீர்கள், காசு கொடுக்கவும் வேண்டாம்.

திணைக்களத்துக்குப் போகும்போது காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டடத்தின் நாலு பக்கப் புகைப்படம் கொண்டு போங்கள். 'ஒன்றும் பிரச்சினையில்லை, தொடங்குங்கள்' என்று யாராவது வாயால் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே எழுதிக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வரக்கூடாது. பொருளாளர் ஐயா முதல் ஐந்து மாதத்தைத் தொலைத்தது அந்த முத்திரை இல்லாமல்தான்.

சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். கொழும்பிலும் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'என் கோப்பு இப்போது யாரிடம்' என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். பொருளாளர் ஐயாவின் பைல் அப்படிக் கேட்ட பிறகுதான் அசைந்தது.