கையில் எடுத்து உண்ணட்டும்: 6 மாதத்துக்குப் பின் பிள்ளையின் திட உணவு

விழுங்கல் சிரமம் என்று பேச்சு மொழிச் சிகிச்சைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் நரம்பிலோ தசையிலோ தொண்டையிலோ எந்தக் குறையும் இருப்பதில்லை. ஒன்றரை வயதிலோ இரண்டு வயதிலோ வருகிறார்கள். நிறையும் பெரும்பாலும் பிள்ளை சுகாதாரப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் சோறும் பருப்பும் மீனும் பிளெண்டரில் ஒன்றாக அரைபட்டு, கைத்தொலைபேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே வாய் திறக்கும். அந்தக் கூழில் ஒரு பருக்கை முழுதாக அகப்பட்டாலும் ஓங்காளித்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவார்கள். வெள்ளவத்தையின் தொடர்மாடியிலிருந்து வந்தாலும் கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறையிலிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். இந்தப் பிள்ளைகள் மெல்லக் கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களில் மெல்லுவதற்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

பிரித்தானியாவின் ஏவன் பகுதியில் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2009இல் வெளியானது. 9 மாதம் கடந்த பின்னரே கட்டியுள்ள உணவைப் பெற்ற பிள்ளைகள், 7 வயதிலும் பழங்களையும் மரக்கறிகளையும் குறைவாக உண்டார்கள். அவர்களிடம் உணவு சார்ந்த சிக்கல்களும் கூடுதலாகக் காணப்பட்டன. இத்தகைய ஆய்வு காரணத்தை நிரூபிப்பதில்லை என்பது உண்மைதான், ஆயினும் எமது சிகிச்சை அறையில் நாம் காண்பதோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

பிள்ளை தானே எடுத்து உண்ணும் முறை இப்போது கொழும்பின் இளம் தாய்மாரிடையே பரவலாகப் பேசப்படுகிறது. அதன் கண்டிப்பான வடிவத்தில் கரண்டியே கிடையாது. குடும்பம் உண்ணும் உணவையே மென்மையாக அவித்து, பிள்ளை பிடிக்கக்கூடிய வடிவில் முன்னால் வைத்துவிட்டு, எதை உண்பது, எவ்வளவு உண்பது என்ற முடிவைப் பிள்ளையிடமே விட்டுவிடுவார்கள். எமது வீடுகளுக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை என்பதே என் கருத்து. குழைத்த சோற்றை அம்மம்மா தீத்தலாம்; அதே வேளையில் பிள்ளையின் கையிலும் அவித்த பூசணித் துண்டு ஒன்று இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 6 மாதம் நிறைவடைந்ததும் தாய்ப்பாலுடன் துணை உணவைத் தொடங்கும்படியும், தாய்ப்பாலை இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தொடரும்படியும் கூறுகிறது; கையால் எடுத்து உண்ணும் உணவைப் பெரும்பாலான பிள்ளைகள் 8 மாதமளவில் கையாள்வார்கள் என்றும், 12 மாதத்தில் வீட்டு உணவுக்கே வந்துவிடலாம் என்றும் அதன் வழிகாட்டல் சொல்கிறது. ஆகவே கரண்டியும் கையும் சேர்ந்தே நடக்கலாம். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து அமுக்கி வைத்துக்கொண்டு தீத்துவது மட்டும் வேண்டாம்.

தொடங்குவதற்கு நாட்காட்டி மட்டும் போதாது. சிறிதளவு தாங்கலுடன் நேராக அமர வேண்டும், கழுத்து ஆடாமல் நிற்க வேண்டும், எடுத்த பொருளைத் தானாக வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு உடனே வெளியே தள்ளிவிடாமல் இருக்க வேண்டும். பல் முளைத்திருக்க வேண்டும் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் வரை கட்டி உணவு கொடுக்கக் கூடாது என்று காத்திருக்கும் குடும்பங்களை நான் இன்னும் சந்திக்கிறேன். கொழுக்கட்டையைத் தலையில் கொட்டுவது அழகான வழக்கம், அது நடக்கட்டும். அவித்த உணவை நசுக்குவதற்குப் பிள்ளையின் முரசே போதுமான உறுதி கொண்டது. (கொட்டிய கொழுக்கட்டையில் இருக்கும் தேங்காய்ச் சொட்டு மட்டும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

6 மாதப் பிள்ளை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்குமே தவிர விரல் நுனியால் எடுக்காது. பொத்திய கைக்குள் இருப்பதை வெளியே எடுக்கவும் அதற்குத் தெரியாது. ஆகவே துண்டு பெரியவர்களின் விரலளவு நீளமாக, பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் எளிதில் நசுங்க வேண்டும். அவித்த வத்தாளங்கிழங்கு, கரட், பூசணி, போஞ்சி, நன்கு பழுத்த பப்பாசிப்பழம், நீளவாக்கில் பிளந்த வாழைப்பழம், கீற்றாக வெட்டிய முட்டைப் பொரியல் ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. தோசையும் இட்லியும் ஏற்கெனவே அந்த வடிவத்துக்கு இசைந்தவை. இடியப்பத்தைச் சிறிது வெட்டி, உப்பும் மிளகாயும் இல்லாத சொதியில் நனைத்துக் கொடுக்கலாம். வறண்ட பிட்டு அப்படியல்ல. தொண்டையில் உதிர்ந்து இருமலை வரவழைக்கும் என்பதால் பால் விட்டு நன்றாகக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். 8, 9 மாதமளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இயங்கத் தொடங்கும்போது துண்டுகளைச் சிறிதாக்கலாம். வீட்டுக் கறியில் உப்புப் போடுவதற்கு முன்னரே பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையலே தேவைப்படாது. ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். தேன் அறவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரிய வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். 

இந்த முறையில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது இரும்புச்சத்து. கர்ப்பத்தில் சேமித்த இரும்பு 6 மாதமளவில் குறைந்துவிடுகிறது, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆனால் 7 முதல் 12 மாதம் வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. பிள்ளை தானே எடுத்து உண்ணட்டும் என்று பப்பாசியும் வாழைப்பழமும் வெள்ளரிக்காயுமாகவே தட்டை நிரப்பினால், பார்க்க அழகாக இருக்கும், இரும்பு வராது. நாள்தோறும் ஒரு வேளையாவது கோழி ஈரலோ, இறைச்சியோ, மீனோ இருக்க வேண்டும். ஈரலை அவித்து மசித்துக் கிழங்கோடு பிசைந்து விரல் வடிவில் உருட்டலாம். ஆனால் அதில் விற்றமின் ஏ மிகுதி என்பதால் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். சூரை மீனை அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு, சோற்றோடு பிசைந்து கவளமாக வைக்கலாம். நெத்தலிக் கருவாட்டில் உப்பு அதிகம், ஆகவே பச்சை நெத்தலியே நல்லது. தாய்க்குப் பால் சுரக்கக் கொடுக்கும் சுறாவைப் பிள்ளைக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெரிய கொன்றுண்ணி மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்வதால் பிள்ளைக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

சைவ உணவு மட்டும் உண்ணும் வீடுகளில் கூடுதல் திட்டமிடல் வேண்டும். பருப்பு, பயறு, கௌபி, கீரை எல்லாவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் உடல் அதில் சிறு பங்கையே உறிஞ்சும். அதே வேளையில் தேசிப்புளியோ தக்காளியோ பழுத்த கொய்யாவின் விதை நீக்கிய சதையோ சேர்ந்தால் உறிஞ்சும் அளவு கூடுகிறது. தேநீர் அதைத் தடுக்கிறது. சோஸரில் ஆற்றிய இரண்டு வாய்த் தேநீர் பிள்ளைக்கு என்ன செய்துவிடும் என்று கேட்கும் தாத்தாமாருக்கு இதுவே பதில்.

அடுத்து ஒவ்வாமை. நிலக்கடலையைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்று முன்னர் நம்பப்பட்டது. இலண்டனில் ஒவ்வாமை வரக்கூடிய ஆபத்து அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு, முற்கூட்டியே தொடங்கிக் கிரமமாகக் கொடுத்த பிள்ளைகளுக்கே அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள். கொடுக்கும் வடிவம் முக்கியம்: நன்றாக அரைத்து நீர்க்கக் கரைத்த பசையாகவே கொடுக்க வேண்டும். முழுக் கச்சான் 5 வயது வரை கூடாது.

பெற்றோரின் முதற் பயம் தொண்டை அடைத்துவிடுமோ என்பதுதான். நியூசிலாந்தின் டனீடினில் 206 குடும்பங்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், தானே உண்ட பிள்ளைகளுக்கும் கரண்டியால் ஊட்டப்பட்ட பிள்ளைகளுக்கும் இடையே அடைப்பு நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. தானே உண்டவர்கள் 6 மாதத்தில் கூடுதலாக ஓங்காளித்தார்கள், 8 மாதத்திலோ மற்றவர்களைவிடக் குறைவாக ஓங்காளித்தார்கள். இந்தச் செய்தியைச் சொல்பவர்கள் இரண்டு விடயங்களை விட்டுவிடுகிறார்கள். தானே உண்ட பிரிவின் பெற்றோருக்கு எது ஆபத்தான உணவு என்பதும் இரும்புச்சத்துள்ள உணவு எது என்பதும் கற்பிக்கப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் இரு பிரிவையும் சேர்த்து 35 வீதமான பிள்ளைகள் 6 முதல் 8 மாதத்துக்குள் ஒரு தடவையாவது அடைப்புக்கு உள்ளானார்கள். கரண்டி பாதுகாப்பு என்பதும் கை பாதுகாப்பு என்பதும் இரண்டுமே முழு உண்மையல்ல.

ஓங்காளிப்பும் அடைப்பும் வேறு வேறு. கைக்குழந்தைக்கு ஓங்காளிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் முன்னே இருக்கிறது, வளர வளரப் பின்னே நகர்கிறது. முகம் சிவக்கும், கண்ணீர் வரும், சத்தம் இருக்கும், துண்டு தானே முன்னால் வந்துவிடும். அப்போது பதறி விரலை வாய்க்குள் விட்டால் துண்டு உள்ளே போய்விடும். அடைப்பில் சத்தமே இராது. பிள்ளையால் அழவோ இருமவோ முடியாது, உதடு நீலமாகும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை உடனே முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை உறுதியாக அடியுங்கள். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப் பாதியில் 5 தடவை அழுத்துங்கள். வெளிவரும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். வயிற்றை அழுத்தக் கூடாது. அருகில் இருப்பவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். பிள்ளை உணர்விழந்தால் இதய நுரையீரல் உயிர்ப்பிப்பைத் தொடங்க வேண்டும். இதைத் திட உணவு தொடங்குமுன் வீட்டில் எல்லோரும் நேரில் பழகியிருப்பது நல்லது.

ஆபத்தான உணவுகள் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் இருப்பதில்லை. காலிமுகத்திடலில் வாங்கிய கச்சானும் கடலையும், விருந்தினர் கொண்டுவந்த முறுக்கு, அண்ணன் பாசத்தோடு நீட்டும் டொபி, முழுத் திராட்சை, பருவகாலத்தில் வீடெங்கும் கிடக்கும் றம்புட்டான் ஆகியவற்றையே நான் அஞ்சுகிறேன். வழுவழுத்த றம்புட்டான் சதையும் விதையும் மூச்சுக்குழாயை அப்படியே மூடிவிடக் கூடியவை. பிள்ளை உண்ணும்போது நேராக அமர்ந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் முன்னால் இருக்க வேண்டும். முச்சக்கர வண்டியில் போகும்போதும் படுத்திருக்கும்போதும் எதுவும் கொடுக்க வேண்டாம். விலையுயர்ந்த உயரக் கதிரை கட்டாயமில்லை, தாயின் மடியில் மேசையைப் பார்த்து அமர்ந்தாலும் போதும்.

எவ்வளவு உண்டது என்ற கேள்விதான் வீட்டில் சண்டையை மூட்டுவது. 6 முதல் 8 மாதம் வரை துணை உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி போதும். மீதி தாய்ப்பாலிலிருந்து வருகிறது. முதல் வாரங்களில் பாதி உணவு நிலத்தில்தான் கிடக்கும், எறும்பும் வரும். பாய்க்கு மேலே பழைய பத்திரிகையை விரித்துவிட்டு, தலையைத் திருப்பும் பிள்ளைக்கு அந்த வேளை முடிந்தது என்று ஏற்றுக்கொள்வது அப்பம்மாவுக்கு எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அவரிடம் விவாதிப்பதைவிட, பிள்ளை சுகாதாரப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டைக் காட்டுவது பலன் தரும். கோடு மேலே போகிறதென்றால் பிள்ளை போதுமான அளவு உண்கிறது. சமதளமாகிவிட்டால் கரண்டியை மீண்டும் கூட்டிக்கொண்டு, கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, அண்ணப் பிளவு உள்ள பிள்ளை, தசைத் தளர்ச்சி உள்ள பிள்ளை, பால் குடிக்கும்போதே அடிக்கடி புரையேறும் பிள்ளை ஆகியோருக்கு இந்த முறையை வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார். அங்கிருந்து, விழுங்கலை முதலில் பரிசோதிப்பதற்காக எம்மைப் போன்றவர்களிடம் வரலாம்.