டிவில வர்ற 12 நிமிஷம் உங்க பொண்ணுக்கு இல்லீங்க

ஞாயித்துக்கிழமை காலைல மழையோ குளிரோ, ஒரு கிரவுண்ட் ஓரத்துல ஐஸ் பேக்கும் டேப்பும் வச்சுக்கிட்டு நான் நின்னுட்டிருப்பேன். நான் ஃபிசியோ, ஊரு திருச்சி பக்கம், இங்க இங்கிலாந்து வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வாரத்துல அஞ்சு நாள் ஆஸ்பத்திரி, ஞாயிறு மட்டும் பக்கத்து கிளப்ல பொண்ணுங்க ரக்பி டீமுக்கு. சம்பளம்லாம் கிடையாது, டீ குடுப்பாங்க, சில நாள் அதுவும் ஆறிப்போயிருக்கும்.

2023 சிக்ஸ் நேஷன்ஸ் பெண்கள் சீசன் முடிஞ்சப்புறம் எங்க கிளப்ல பொண்ணுங்க கூட்டம் திடீர்னு ஏறுச்சு. அதுல நம்ம தமிழ்ப் பிள்ளைங்களும் ரெண்டு மூணு பேர். அவங்க அப்பா அம்மாவுக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது, டிவில பார்த்ததை வச்சுத்தான் எல்லாம். தலையில அடிபட்டாலும் டிவில மாதிரி பன்னெண்டு நிமிஷம் உட்கார வச்சா போதும்னு நெனச்சுக்கறாங்க. அங்கதான் பிரச்சினையே ஆரம்பிக்குது, அதான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த சீசனைப் பத்திக் கொஞ்சம். இங்கிலாந்து, பிரான்ஸ், வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இத்தாலி, இந்த ஆறு டீமும் ஒவ்வொருத்தரும் அஞ்சு மேட்ச், மார்ச் 25ல ஆரம்பிச்சு ஏப்ரல் 29 வரைக்கும். முதல் நாளே நியூகாசில்ல இங்கிலாந்து ஸ்காட்லாந்தை 58-7ன்னு அடிச்சாங்க. அதோட இங்கிலாந்து கேப்டன் சாரா ஹன்ட்டர் ரிட்டயர் ஆனாங்க, 141 மேட்ச் நாட்டுக்காக ஆடினவங்க, அந்தப் பக்கத்துக்காரங்க, சொந்த மண்ணுல கடைசி ஆட்டம். அப்புறம் மார்லி பாக்கர் கேப்டன். கடைசி நாள் லண்டன் ட்விக்கன்ஹாம்ல பிரான்ஸோட மேட்ச், 58,498 பேர் வந்தாங்க, அதுவரைக்கும் உலகத்துல எந்தப் பெண்கள் ரக்பி மேட்ச்சுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்ல. நாங்களும் பிள்ளைங்களை பஸ்ல கூட்டிட்டுப் போனோம். ஹாஃப் டைம்ல 33-0, சரி முடிஞ்சுதுன்னு சிப்ஸ் வாங்கப் போயிட்டு வந்து பார்த்தா பிரான்ஸ் அடிக்கிறாங்க அடிக்கிறாங்க, கடைசில 38-33, இங்கிலாந்து தப்பிச்சாங்கன்னுதான் சொல்லணும். அஞ்சுக்கு அஞ்சு ஜெயிச்சு கிராண்ட் ஸ்லாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த மேட்ச்சுக்கு முந்தின நாள், ஏப்ரல் 28, பிரிட்டன் அரசாங்கம் ஒரு கைடுலைன் வெளியிட்டுச்சு. ஸ்கூல், கிளப், பார்க்னு சாதாரணமா விளையாடுற எல்லாருக்கும், எந்த விளையாட்டா இருந்தாலும், தலையில அடிபட்டா என்ன பண்ணணும்னு. கன்கஷன்னு சொல்றோமே, மூளை உள்ளுக்குள்ள குலுங்கிப் போறது, அதைப் பத்தி. மறுநாள் பஸ்ல வந்த பெற்றோர் கிட்ட அதைப் படிச்சீங்களான்னு கேட்டேன். ஒருத்தரும் படிக்கல. சிப்ஸ் விலையைப் பத்திப் பேசினாங்க.

அந்த சீசன் முடிஞ்ச கொஞ்ச மாசத்துல நடந்தது (ஆள் தெரியாம இருக்க சிலதை மாத்தியிருக்கேன்). பதிமூணு வயசுப் பொண்ணு, யாழ்ப்பாணத்துக் குடும்பம், துறுதுறுன்னு இருப்பா. டேக்கிள் (பந்து வச்சிருக்கறவளைப் பிடிச்சுக் கீழ சாய்க்கறது) பண்ணும்போது பின்னாடி சாஞ்சு விழுந்தா, பின்மண்டை தரையில பட்டுச்சு. மயக்கம் ஒண்ணும் இல்ல, உடனே எழுந்துட்டா, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா. நான் உள்ள போய் வெளிய கூட்டிட்டு வந்தேன். கோச் ஒருத்தர் என்கிட்ட, "பத்துப் பன்னெண்டு நிமிஷம் உட்கார வச்சுப் பாருங்க, டிவில அப்படித்தானே"ங்கிறாரு. அம்மா ஓடி வந்தாங்க. "ஒண்டுமில்லை அக்கா, சும்மா தலையிடிதானாம், பனடோல் குடுக்கிறன். நாளைக்குச் சோதினை வேற இருக்கு, படிக்கோணும்." பொண்ணு என்கிட்ட ஸ்கோர் என்னன்னு கேட்டா. சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல மறுபடி கேட்டா. அப்புறம் மறுபடி. மூணாவது தடவை கேட்டப்போதான் அம்மா முகம் மாறுச்சு.

அந்த டிவி பன்னெண்டு நிமிஷத்தைப் பத்தி விளக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதை வச்சு வாராவாரம் யாராவது என்கூட மல்லுக்கு நிக்கிறாங்க. பெரிய மேட்ச்ல தலையில அடிபட்டிருக்குமோன்னு சந்தேகம் வந்தா அந்த ஆளை வெளிய கூட்டிட்டுப் போயி டெஸ்ட் பண்ணுவாங்க, அதுக்கு 12 நிமிஷம், பாஸ் ஆனா திரும்ப வரலாம். பார்க்கறவங்களுக்கு என்ன தோணுது, பன்னெண்டு நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடும்னு. ஆனா அங்க பயிற்சி எடுத்த டாக்டர் இருக்காரு, வீடியோவை முன்ன பின்ன ஓட்டிப் பார்க்க ஆள் இருக்கு, சீசன் ஆரம்பத்துலயே அந்த ஆட்டக்காரிக்கு நல்லா இருக்கும்போது எடுத்த டெஸ்ட் ரிசல்ட் கையில இருக்கு, அதோட ஒப்பிட்டுத்தான் பார்ப்பாங்க. தெளிவான அறிகுறி, தள்ளாடுறது மயங்குறது மாதிரி, இருந்தா டெஸ்ட்டே கிடையாது, நேரா வெளிய. பாஸ் ஆகி உள்ள போனவங்களையும் மேட்ச் முடிஞ்சு ஒரு தடவை, ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை மறுபடி பார்ப்பாங்க. எங்க கிரவுண்ட்ல என்ன இருக்கு? நானும் ஒரு ஐஸ் பேக்கும். அதனால கிளப், ஸ்கூல் லெவல்ல அந்த டெஸ்ட்டுக்கே அனுமதி இல்ல. சந்தேகம் வந்தா வெளிய, அன்னைக்குத் திரும்ப உள்ள போகக்கூடாது, பேச்சே இல்ல.

மயக்கம் போடலையேன்னு எல்லாரும் சொல்ற வசனம் இருக்கு பாருங்க, கன்கஷன் ஆன பத்துப் பேர்ல ஒருத்தருக்குக்கூட மயக்கம் வர்றதில்ல. நான் பார்க்கறது வேற: பதில் சொல்ல லேட் ஆகுதா, கண்ணு எங்கயோ போகுதா, நடை தடுமாறுதா, வெளிச்சம் கூசுதா, காரணமே இல்லாம எரிஞ்சு விழறாளா, "ஒரு மாதிரியா இருக்கு"ங்கிறாளா. எந்த கிரவுண்ட்ல இருக்கோம், கடைசியா யாரு ஸ்கோர் பண்ணா, போன வாரம் யாரோட ஆடினோம்னு கேப்பேன். தப்பா சொன்னா உறுதியா வெளிய, சரியா சொல்லிட்டாலும் உள்ள விடறதுக்கு அது லைசென்ஸ் கிடையாது.

பொண்ணுங்களுக்கு இதுல கூடுதலா ஒரு சிக்கல். ஒரே விளையாட்டுல ஆம்பளைங்களைவிட பொண்ணுங்களுக்குக் கன்கஷன் அதிகமா பதிவாகுது, ஆற நாளும் கூட எடுக்குது. கழுத்து பலம் ஒரு காரணம்னு சொல்றாங்க. விழும்போது கழுத்து தலையைப் பிடிச்சு நிறுத்தணும், அது முடியாதப்ப தலை சவுக்கு மாதிரி பின்னாடி போயி தரையில அடிக்குது. பாதிப் பேர் பன்னெண்டு பதிமூணு வயசுலதான் இந்த ஆட்டத்துக்கே வர்றாங்க, எப்படி விழணும்னு உடம்புக்குத் தெரியறதுக்கு முன்னாடியே டேக்கிள் ஆரம்பிச்சுடுது. தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சு விழப் பழக்கறதுக்கே நான் ஒரு மாசம் எடுத்துப்பேன். இங்க ஆக்டிவேட்னு ஒரு வார்ம் அப் இருக்கு, கழுத்துக்கும் பயிற்சி அதுல உண்டு. ஸ்கூல் பசங்க கிட்ட ஆய்வு பண்ணினப்ப வாரம் மூணு தடவை செஞ்ச டீம்கள்ல கன்கஷன் 59 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பசங்கன்னா பையன்கள்தான். பொண்ணுங்களுக்கும் அதே அளவு குறையுமான்னு அந்த ஆய்வை வச்சுச் சொல்ல முடியாது.

சரி, பொண்ணுங்க ஏன் சொல்றதில்லன்னு ஒரு கேள்வி. அதே சீசன்ல அயர்லாந்து டீம் காலங்காலமா போட்டிருந்த வெள்ளை ஷார்ட்ஸை விட்டுட்டு நேவி ப்ளூவுக்கு மாறினாங்க, பீரியட்ஸ் நேரத்துல கறை தெரியுமோங்கிற பயத்துக்காக. அவங்க அந்த வருஷம் அஞ்சு மேட்ச்சும் தோத்தாங்க, கார்க்ல இங்கிலாந்து கிட்ட 48-0. "ஷார்ட்ஸ் மாத்தி என்ன பிரயோஜனம்"னு எங்க கிளப்ல ஒரு அப்பா நக்கலடிச்சாரு. ஐயா, இங்கிலாந்துக்காரங்க 2019லேருந்து முழுநேர சம்பளத்துல ஆடுறாங்க, அயர்லாந்துக்கு அந்த மாதிரி கான்ட்ராக்ட் வந்ததே அந்த சீசனுக்கு முன்னாடிதான், தோத்ததுக்கு ஷார்ட்ஸ் என்ன பண்ணும். எங்க டீம்ல அப்ப வெள்ளை ஷார்ட்ஸ்தான். ஒரு பொண்ணு மாசத்துல ஒரு ஞாயிறு வயித்துவலின்னு வரமாட்டா, நானும் மாசக்கணக்கா அதை வெறும் வயித்துவலின்னே நெனச்சுட்டிருந்தேன், நானே ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு. அயர்லாந்து செய்தி வந்தப்புறம் கேட்டேன், சொன்னா. கறுப்பு ஷார்ட்ஸ் வாங்கினோம், வர ஆரம்பிச்சா. தலைவலியும் அப்படித்தான். சொன்னா டீம்லேருந்து தூக்கிடுவாங்கன்னு பயம், அம்மா அடுத்த வாரம் அனுப்பமாட்டாங்கன்னு அதைவிடப் பெரிய பயம். அதனால வீட்ல கேக்கும்போது "தலை வலிக்குதா"ன்னு கேக்காதீங்க, இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவா. "இன்னைக்கு எப்படி விழுந்தே, காட்டு"ன்னு கேளுங்க, கதை தானா வரும்.

2025ல இங்கிலாந்துல உலகக் கோப்பை நடந்தப்போ வாயில போடற கார்ட்ல பலமா அடிபட்டா சிவப்பு லைட் எரிஞ்சுது, பிள்ளைங்களுக்கு அது மேல ஒரே ஆசை. அந்த லைட் அடி பலமா விழுந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். கன்கஷனா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, லைட் எரியாமலும் ஆகலாம்.

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரி தனியா விடலை, முதல் ரெண்டு நாள் ஃபோன், டேப்லெட் ரொம்பக் கம்மி, மெதுவா நடை, ஸ்கூலுக்கும் அரை நாள் அரை நாளாத்தான். சோதினையை ஸ்கூல்ல பேசித் தள்ளி வச்சாங்க, கைடுலைனே ஆட்டத்துக்கு முன்னாடி படிப்புக்குத் திரும்பணும்னுதான் சொல்லுது. மேட்ச் ஆட குறைஞ்சது 21 நாள், அதுக்கு நடுவுல இடிபடற மாதிரி பயிற்சிக்கே 14 நாள் எந்தத் தொந்தரவும் இல்லாம இருந்திருக்கணும். அவளுக்குத் தலைவலி ஒன்பது நாள் இருந்துச்சு. அப்ப நீங்களே கணக்குப் போடுங்க, 21 நாள் அடிபட்ட நாள்லேருந்து, அந்த 14 நாள் வலி நின்ன நாள்லேருந்து. அவ திரும்ப ஆடினது ஆறாவது ஞாயிறு.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்துல கடும் வலி, கை கால் மரத்துப் போறது, குழப்பம் கூடிக்கிட்டே போறது, இதெல்லாம்னா யோசிக்காம 999, இங்க ஆம்புலன்ஸ் நம்பர். மத்தபடி தலையில அடின்னா 24 மணி நேரத்துக்குள்ள 111க்கு, அதாவது மருத்துவ ஆலோசனை லைனுக்கு, போன் பண்ணிடுங்க. இங்கிலீஷ் வரலைன்னு தயங்கற அம்மாக்கள் நிறைய பேரைப் பார்த்துட்டேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, லைன்ல ஆளைப் போடுவாங்க, இலவசம்தான், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வரும், வச்சுடாதீங்க.