ஒரெக்சின்: சொல் விளக்கம்

ஒரெக்சின் என்பது மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைபோதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியில் உள்ள நரம்பணுக்களில் உருவாகி, அங்கிருந்து மூளையின் பல பகுதிகளுக்கும் செய்தி கொண்டுசெல்லும் ஒரு புரதக்கூறு ஆகும். இதைச் சுரக்கும் நரம்பணுக்கள் மனித மூளையில் 50,000 முதல் 80,000 வரையே இருப்பதாகக் கணக்கிடப்பட்டாலும், பகல் முழுதும் விழிப்பு குலையாமல் நிற்பதற்கு இவையே பெருந்துணை. ஒரே முன்னோடிப் புரதம் வெட்டுண்டு, 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ வகையும் 28 கொண்ட பி வகையும் பிறக்கின்றன. இவற்றின் செய்தியை நரம்பணுக்களில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் இரண்டு. முதலாவது ஏ வகையையே பெரிதும் நாட, இரண்டாவது இருவகையையும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஏற்கிறது.

இப்பொருளுக்கு 1998-இல் ஓரிரு மாத இடைவெளியில் இரண்டு பெயர்கள் விழுந்தன. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் சகுராய், யானகிசாவா குழுவினர், இதை எலியின் மூளைக்குள் செலுத்தியபோது அது மிகுதியாக உண்டதைக் கண்டு, பசி, வேட்கை எனப் பொருள்படும் ‘ஒரெக்சிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்று பெயரிட்டனர். பசியின்மையைக் குறிக்கும் ‘அனோரெக்சியா’வும் இதே வேரில் முளைத்ததுதான். அதே பொருளைத் தனியே கண்டறிந்த டி லெசேயா, கில்டஃப், சட்கிளிஃப் முதலியோர், ஹைபோதலாமஸையும் குடல் இயக்குநீரான செக்ரீட்டினையும் ஒட்டவைத்து ஹைபோகிரெட்டின் என்றனர். செக்ரீட்டினோடு அவர்கள் கண்ட ஒற்றுமை வலுவானதன்று; எனினும் மரபணுக்களின் பெயரில் ஹைபோகிரெட்டினும் ஏற்பிகளின் பெயரில் ஒரெக்சினும் இன்றும் நீடிப்பதால், புதிதாகப் படிப்பவர் இவற்றை இருவேறு பொருள்கள் என்றே எண்ணிவிடக்கூடும்.

பசியை வைத்து இட்ட பெயர் ஓராண்டிலேயே பொருந்தாமற் போயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்ட சில டாபர்மேன் நாய்களுக்கு, விருப்பமான உணவைக் கண்ட மகிழ்ச்சியிலேயே பின்னங்கால்கள் துவண்டுவிடும். கண் திறந்தபடியே தரையில் சரிந்து, சிறிது நேரங்கழித்து எழும். பகலிலும் அடக்கமுடியாமல் தூக்கம் மேலிடும் நார்கோலெப்சி என்னும் இத்துயில் நோய்க்கு இரண்டாம் ஏற்பியின் மரபணுப் பழுதே காரணம் என்று மிஞோ குழுவினர் 1999-இல் நிறுவினர். மனிதரில், உரக்கச் சிரித்தால் முழங்கால் மடங்கிவிடும் வகை நோயாளிகளிடம் ஏற்பி பழுதுபடுவதில்லை. ஒரெக்சின் சுரக்கும் நரம்பணுக்களே பெரும்பாலும் அழிந்துபோயிருக்கின்றன என்பது 2000-இல் தெரியவந்தது.

ஆகவே வேர்ச்சொல்லைப் பின்பற்றிப் ‘பசியூக்கி’ என்று தமிழில் ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். அப்பெயர் இரைப்பையில் சுரந்து உண்மையாகவே பசியைத் தூண்டும் கிரெலினுக்கு அன்றோ பொருந்தும்! செயலைக் கொண்டு ‘விழிப்பூக்கி’ என்பதே தகும். ஊக்கி என்றவுடன் காபி, மாத்திரை போன்றவை நினைவுக்கு வரலாம் என்பதால், ஒரு கட்டுரையில் முதன்முறை ‘விழிப்பூக்கிப் புரதக்கூறு’ என்று விரித்தெழுதி, பின்னர் சுருக்கிக்கொள்ளலாம். ஏற்பிகளை ‘விழிப்பூக்கி ஏற்பி 1’, ‘விழிப்பூக்கி ஏற்பி 2’ என எண்ணோடு எழுத வேண்டும். எண்ணை விட்டால் பொருள் மயங்கும். அமெரிக்காவில் 2014-இல் ஒப்புதல் பெற்ற சுவோரெக்சன்ட் என்னும் தூக்க மருந்து இவ்விரு ஏற்பிகளையும் அடைப்பதால், அவ்வகை மருந்துகளை ‘விழிப்பூக்கி ஏற்பித் தடுப்பிகள்’ எனலாம்.