பின் போட்டால் பணம் வருமா?

கடலூர் முதுநகரில் காலை மீன் வியாபாரம் சூடு பிடித்துவிட்டால் போன் திரையைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. விற்கிறவர் கை முழுக்கச் செதிளும் ஐஸ் தண்ணீரும். வாங்குகிறவர் ஒரு கையில் பை, மறு கையில் போன். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார், ‘பின்’ எனும் ரகசிய எண்ணைப் போடுகிறார். கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி ‘இருநூற்று ஐம்பது ரூபாய்’ என்று சத்தம் போடுகிறது. மீன்கார அம்மா தலை நிமிராமலேயே அடுத்த சங்கரா மீனை வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

2025 ஆகஸ்டில் மட்டும் இந்தியா முழுக்க 2,000 கோடிக்கும் அதிகமான யுபிஐ பரிமாற்றங்கள் நடந்தன. இவ்வளவு பெரிய அமைப்பு கணினி வழியாக உடைக்கப்பட்டு யாருடைய காசும் போனதாக நாம் கேள்விப்படுவது அரிது. ஆனால் ‘பின் போடுங்க, உங்க அக்கவுண்டுக்குப் பணம் ஏறிடும்’ என்ற பேச்சை நம்பிக் காசை விட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏமாந்தவரைத் திட்டுவது சுலபம். என் பார்வையில் பழி பெரும்பாலும் திரையை வடிவமைத்தவர்களையே சேரும். ஏன் என்று சொல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அந்த அட்டை. க்யூஆர் கோடு என்பது ரகசியம் எதுவும் இல்லாத ஒரு வரி எழுத்துதான். விற்பவரின் யுபிஐ முகவரி, ஒரு பெயர், சில சமயம் தொகை. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க இதை உருவாக்கினார்கள். தொழிற்சாலையில் எண்ணெய்க் கறை படியும் என்பதால், சில கட்டங்கள் அழிந்தாலும் மிச்சத்தை வைத்து முழு எழுத்தையும் கணக்குப் போட்டு மீட்கும் வழியைச் சேர்த்தார்கள். ரீட் – சாலமன் என்ற 1960-ஆம் ஆண்டுக் கணித முறை அது. கோட்டை உருவாக்கும்போது எந்த அளவுக்கு மீட்புத் தகவல் சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். உப்புக் காற்றில் ஓரம் வெளுத்து, கத்தி கீறிய அட்டையும் ஸ்கேன் ஆவது இதனால்தான்.

கறையைத் தாங்கும் இந்தக் கோட்டுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாது. உங்கள் அட்டை மேல் வேறு ஒருவன் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால், போனைப் பொறுத்தவரை இரண்டும் ஒழுங்கான கோடுகள்தான். காப்பாற்றக்கூடியது திரையில் வரும் பெயர் ஒன்றே. அந்தப் பெயரும் முன்பெல்லாம் கோட்டில் அச்சடித்ததாகவோ, நாம் போனில் சேமித்து வைத்ததாகவோ இருக்கலாம். வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் உத்தரவிட்டு, 2025 ஜூன் இறுதி வரை கெடு வைத்தது. நல்ல முடிவுதான். ஆனால் கடைப் பலகையில் ‘முருகன் ஸ்டோர்ஸ்’, வங்கியிலோ உரிமையாளரின் மாமியார் பெயர் என்றால், பார்க்கிறவர் என்ன முடிவு செய்வார்? ‘சரி, இதுவாத்தான் இருக்கும்’ என்று தட்டிவிட்டுப் போவார்.

அடுத்து போன். யுபிஐ செயலியை முதல்முறை நிறுவும்போது, அது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி கேட்கும். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தச் செய்தியில் இந்தப் போனுக்கென்றே உருவாக்கிய ஓர் எண்கோவை இருக்கும். சர்வர் பக்கம் அது வந்து சேரும்போது எந்த மொபைல் எண்ணிலிருந்து வந்தது என்பதும் தெரியும். இந்த எண், இந்தப் போன் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அதோடு அந்த எண் எந்த வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அந்தக் கணக்கு மட்டும் திறக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓடிபி நமக்கு வருகிறது. வந்ததை இன்னொருவருக்குப் போனில் படித்துக் காட்டிவிட முடியும். இங்கே செய்தி நம் போனிலிருந்து வெளியே போகிறது. மோசடிக்காரன் என்னதான் இனிக்க இனிக்கப் பேசினாலும் நாம் படித்துச் சொல்ல எதுவுமே இல்லை. அதனால்தான் அவன் வேறு வழி தேடுகிறான்: கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, எஸ்எம்எஸ் படிக்கவும் அனுப்பவும் அனுமதியைப் பறிப்பது, அல்லது நம் பெயரில் மாற்று சிம் வாங்குவது. புதிய போனில் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்குப் பரிமாற்ற வரம்பு 5,000 ரூபாயாகக் குறைக்கப்படுவது இத்தகைய திருட்டை நினைத்துத்தான். அவசரத்துக்குப் பணம் அனுப்ப முடியாமல் எரிச்சல்படும் நல்லவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது பின். பின் கேட்கும் பக்கம் நீங்கள் பயன்படுத்தும் செயலியின் பக்கம் கிடையாது. எந்தச் செயலியைத் திறந்தாலும் அந்தப் பக்கம் மட்டும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கலாம். தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் எழுதிக் கொடுத்த நிரல் துண்டு அது. நாம் தட்டும் எண்கள் அங்கேயே மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்படுகின்றன. பயன்படும் முறைக்குப் பொதுச்சாவி மறையாக்கம் என்று பெயர். கோயில் உண்டியல் மாதிரி: யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், எடுப்பதற்குச் சாவி வேண்டும். செயலி அந்த மூடிய பொட்டலத்தைச் சுமந்து போகிறது. பிரித்துப் பார்க்க அதனிடம் சாவி இல்லை. நடுவில் இருக்கும் மைய அமைப்பு, இதற்கென்றே செய்யப்பட்ட பாதுகாப்புக் கருவிக்குள் அதைப் பிரித்து, உங்கள் வங்கியின் சாவியால் மீண்டும் பூட்டி அனுப்புகிறது. வங்கி சரிபார்த்துப் பணத்தைக் கழிக்கிறது, அப்புறம் எதிர்ப்பக்க வங்கிக்குத் தகவல் போய் வரவு வைக்கப்படுகிறது. எல்லாம் சில நொடிகளில்.

நாலு இலக்கப் பின் போதுமா என்று கேட்கலாம். மொத்தமே 10,000 சேர்க்கைகள்தான். ஒரு கணினியிடம் விட்டால் கண் சிமிட்டுவதற்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடும். ஆனால் முயல விடுவது யார்? பின்னைச் சரிபார்ப்பது வங்கியின் கணினி. சில முறை தப்பாகப் போட்டால் அது கதவைச் சாத்திவிடும். போன் கையில் இல்லாதவனுக்கோ அந்தச் சில முயற்சிகள்கூடக் கிடையாது. இணையதளங்களில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் ‘ஒரு பெரிய எழுத்து, ஒரு குறியீடு, ஓர் எண்’ விதிகள் இங்கே இல்லாமலே பாதுகாப்பு நிற்கிறது. பிறந்த ஆண்டைப் பின்னாக வைக்காமல் இருந்தால் சரி.

ஆக, போன் ஒரு சாட்சி, பின் இன்னொரு சாட்சி. கணிதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒருவர் பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் போடுகிறார் என்று வையுங்கள். போன் வருகிறது. ‘சார், கட்டில் பிடிச்சிருக்கு. பேரமெல்லாம் வேண்டாம், எட்டாயிரம் இப்பவே அனுப்பிடறேன். ஒரு கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, பின் போடுங்க, உங்களுக்கு ஏறிடும்.’ அவர் ஸ்கேன் செய்கிறார். எட்டாயிரம் போகிறது. போன் உண்மையான போன், பின் உண்மையான பின், போட்டவர் கணக்கின் உண்மையான உரிமையாளர். அமைப்பு கேட்கத் தெரிந்த எல்லாக் கேள்விகளுக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டது. ‘நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு பின் போட்டீர்கள்?’ என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

விதி மிக எளியது: பணம் வாங்க பின் தேவையே இல்லை, பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். ஆனால் இது அவருக்கு எப்படித் தெரியும்? ஏடிஎம்மில் பின் போட்டால் பணம் கைக்கு வருகிறது. இருப்பு பார்க்கவும் யுபிஐ அதே பின்னைக் கேட்கிறது. அப்போது ஒரு பைசாவும் போவதில்லை. பின் என்றால் ‘கணக்கைத் திறப்பது’ என்று அவர் புரிந்துவைத்திருந்தால் அதில் என்ன தப்பு? அனுபவம் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

பக்கத்தின் மேலே தொகை இருக்கிறதே, எச்சரிக்கை வரி இருக்கிறதே என்று வடிவமைத்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை டீக்கும் பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் அதே பக்கத்தைப் பார்க்கிறவரின் கண், நேராக எண் பலகைக்குத்தான் போகும். இது சோம்பேறித்தனம் ஆகாது, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஆளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கணினி எச்சரிக்கைகளைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது முறையிலேயே பார்வை சார்ந்த பகுதிகளின் செயல்பாடு சட்டென்று குறைந்தது. எச்சரிக்கை கண்ணில் படுகிறது, மூளை அதைப் படிப்பதில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், 1883-இல், பாரிஸில் மொழி ஆசிரியராக இருந்த ஆகுஸ்த் கெர்க்காஃப் என்ற டச்சுக்காரர் ராணுவ ரகசிய எழுத்துமுறை பற்றிப் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு நிபந்தனைகள் சொன்னார். இரண்டாவது எல்லாரும் மேற்கோள் காட்டுவது: அமைப்பு எதிரி கையில் சிக்கினாலும் பாதகம் இருக்கக் கூடாது. ஆறாவதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்: பயன்படுத்தச் சுலபமாக இருக்க வேண்டும், மூளையைக் கசக்கவோ நீண்ட விதிப் பட்டியலை நினைவில் வைக்கவோ தேவைப்படக் கூடாது. சுலபத்தைப் பாதுகாப்பின் ஒரு பாகமாகவே வைத்தார் அந்த வாத்தியார்.

1999-இல் அல்மா விட்டன், டக் டைகர் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் பிஜிபி என்ற மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிட நேரமும் கொடுத்தார்கள். மின்னஞ்சல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான். மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்து முடித்தார்கள். மூன்று பேர் ரகசியத்தை அப்படியே பூட்டாமல் அனுப்பிவிட்டார்கள். மென்பொருளின் கணிதம் அப்போதைய உலகத் தரம்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மீன்கார அம்மாவின் பெட்டி எனக்குப் பெரிய பொறியியலாகத் தெரிகிறது. அதற்குள் சொந்தமாக ஒரு சிம் இருக்கிறது. பணம் வரவானதும் கட்டண நிறுவனத்தின் சர்வர் அந்தப் பெட்டிக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறது, பெட்டி தொகையைக் குரலாக்கிச் சொல்கிறது. வாங்குகிறவரின் போன் இந்தப் பாதையில் எங்கேயுமே இல்லை. பச்சை டிக் காட்டும் போலிச் செயலியையோ நேற்று எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையோ எத்தனை தடவை நீட்டினாலும் பெட்டி வாய் திறக்காது. கடைக்காரர் எதையும் தட்ட வேண்டாம், படிக்க வேண்டாம், கை துடைக்க வேண்டாம். படிக்கத் தெரியாதவருக்கும் அது தமிழில் பேசுகிறது. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் நடந்தால் ஒரு கடையில் தமிழ், அடுத்த கடையில் இந்தி என்று பெட்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பேசும். அந்த இரைச்சலில் பக்கத்துக் கடைத் தொகையைத் தன்னுடையது என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டுதான். மாத வாடகையும் உண்டு. இருந்தாலும் பாதுகாப்புக்காக ஒருவர் தனியாக எதையும் செய்யத் தேவையில்லாத சாதனம் இது. கெர்க்காஃப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

பணம் கொடுக்கிறவர் பக்கம் இப்படி ஒரு வசதி இல்லை. ஒரு நல்ல காரியம் நடந்தது: ஒருவர் இன்னொருவரிடம் ‘இவ்வளவு கொடு’ என்று செயலி வழியாகவே கோரிக்கை அனுப்பும் வசதியை, தனிநபர்களுக்கிடையில் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். மோசடிக்கு அதிகம் பயன்பட்ட கதவு அது. எச்சரிக்கை வரியைப் பெரிதாக்குவதைவிடக் கதவையே எடுத்துவிட்டது புத்திசாலித்தனம். க்யூஆர் கதவு திறந்தே இருக்கிறது. எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் ஒன்று செய்வேன்: கடையல்லாத, இதுவரை அனுப்பியே இராத ஒருவருக்கு ஆயிரக்கணக்கில் போகும்போது மட்டும், ‘பணம் கொடுக்கிறீர்களா, வாங்குகிறீர்களா?’ என்று கேட்டு இரண்டு பொத்தான்களைக் காட்டுவேன். ‘வாங்குகிறேன்’ என்பதைத் தொட்டால் பரிமாற்றம் அங்கேயே நிற்கும். டீக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறவரை இந்தக் கேள்வி ஒருபோதும் தொந்தரவு செய்யக் கூடாது. அடிக்கடி வந்தால் அதையும் மூளை படிக்காமல் விட்டுவிடும்.

2025 அக்டோபரில் பின்னுக்குப் பதிலாகக் கைரேகையும் முகமும் வைக்கலாம் என்ற வசதி வந்தது. புதுச்சேரி கூபேர் மார்க்கெட் நெரிசலில் தோளுக்குப் பின்னாலிருந்து பின்னை எட்டிப் பார்ப்பவனிடமிருந்து இது காப்பாற்றும். மஞ்சக்குப்பத்துக் கட்டில்காரருக்கு எந்த உதவியும் இல்லை. நாலு எண்ணைத் தட்டும்போதாவது ஒரு நொடி யோசிக்க இடம் இருந்தது. விரலை வைப்பதில் அதுவும் போய்விடுகிறது.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் செல்கிறது, அந்தக் கணக்கில் அது இன்னும் இருந்தால் முடக்கிவைக்கிறார்கள். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுவதால் மணிக்கணக்கில் தாமதித்தால் மீட்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். பரிமாற்ற எண்ணும் நேரமும் தொகையும் கையில் இருந்தால் அழைப்பு சீக்கிரம் முடியும். மூன்றும் செயலியின் வரலாற்றுப் பக்கத்திலேயே கிடைக்கும்.