கிளினிக் படிக்கட்டில் ஜெபம் வேண்டாம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கிளினிக் மூடுகிற நேரத்தில் ஒரு பெண்ணைக் கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். காய்ச்சல் 39.2. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கார்டை எடுத்துப் பார்த்தேன். முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கே அவருக்கு அப்பாயின்ட்மென்ட். 'வரவில்லை' என்று எங்கள் மிஸ்ஸி (நர்ஸ்) சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

"வந்தேன் டாக்டர். கீழ வரைக்கும் வந்தேன்" என்றார் அந்தப் பெண்.

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் கடைவரிசையில் முதல் மாடியில் எங்கள் கிளினிக். அடியில் மளிகைக் கடை. படிக்கட்டு ஒன்றே ஒன்று, எதிரில் ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். அந்தச் சனிக்கிழமை படியடியில் இரண்டு பெண்கள் நின்றிருக்கிறார்கள். ஒருவர் கையில் ஜெபமாலை, மற்றவர் கையில் துண்டுப் பிரசுரம். அன்பாகத்தான் பேசினார்களாம். "தங்கச்சி, பிள்ளைய கொன்னுடாதம்மா, நாங்க வளர்த்துக்கிறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்களாம்.

எங்களிடம் வந்த அந்தப் பெண்ணின் வயிற்றில் இருந்த கருவின் துடிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம் காத்திருந்து தங்கிய கரு. 18 மில்லிமீட்டர் அளவு, துடிப்பு இல்லை. 7 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த கருவில் துடிப்பு இல்லையென்றால் அதற்கு அப்பீல் கிடையாது. இருந்தும் அவர் மனசு ஆறட்டும் என்று ஒரு வாரம் விட்டு மறுபடியும் ஸ்கேன் எடுத்தேன். அதன் பிறகுதான் கருப்பையைச் சுத்தம் செய்ய நாள் குறித்தோம். கீழே அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார். 'ஒருவேளை ஸ்கேன் தப்போ?' என்று வீட்டில் மாமியாரும் சேர்ந்து கேட்க, மூன்று நாள் போனது. உள்ளே கிருமி ஏறிவிட்டது, மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எச்.சில் (அரசு பொது ஆஸ்பத்திரியில்) சேர்த்து, ஊசி மருந்து ஏற்றி, அங்கேயே சுத்தம் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

இது முதல் முறை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். கருத்தடை லூப் மாட்ட வந்த ஒருவர் அழுதுகொண்டே மேலே வந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையான பாப் ஸ்மியர் எடுக்க வந்த 54 வயது அக்கா பிரசுரத்தை என் மேசையில் போட்டு, "எனக்கு நின்னே நாலு வருஷமாச்சு டாக்டர், இதுல எந்தப் பிள்ளைய நான் கொல்றது?" என்று கேட்டார். சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

மகளிர் கிளினிக் படியேறுகிறவள் எல்லாம் கலைக்கத்தான் போகிறாள் என்று நினைக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேலே வருகிறவர்களில் பிள்ளை வேண்டும் என்று வருகிறவர் உண்டு, மாதவிலக்குக் கோளாறு உண்டு, நீர்க்கட்டி உண்டு, கர்ப்பம் தானே கலைந்தவர் உண்டு. தானே கலைந்தவருக்கும் கலைக்க வந்தவருக்கும் நான் செய்வது பெரும்பாலும் ஒரே சிகிச்சை: அதே உறிஞ்சு குழாய், அதே பத்துப் பதினைந்து நிமிடம். டாக்டரான எனக்கே கார்டைப் பார்த்தால்தான் தெரியும். ஐந்தடி தூரத்தில் ஜெபமாலையோடு நிற்கிற உங்களுக்கு முகத்தைப் பார்த்ததும் எப்படித் தெரிந்தது?

அந்தப் பிரசுரத்தையும் பார்த்தேன். 'ஒன்பது வாரக் குழந்தை' என்று போட்டு, கன்னம் உப்பிய ஒரு பொம்மையின் படம். ஒன்பது வாரத்தில் கரு ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். பேறுகால வகுப்பில் மாணவத் தாதி இப்படிப் படம் வரைந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சரி, கலைக்கவே வருகிறவர்களைப் பற்றியும் சொல்கிறேன். வருகிறவள் கல்யாணமாகாத 'கெட்டுப்போன' பெண் என்று ஊர் நினைக்கிறது. என் எதிரில் உட்காருகிறவர்களில் பலர் கழுத்தில் தாலி இருக்கிறது. மூன்று பிள்ளை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், போன பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு. படியடியில் நிற்பவர்களால் அவர் முடிவு மாறி நான் பார்த்ததில்லை, தள்ளித்தான் போகிறது. ஏழு வாரத்தில் வந்திருக்க வேண்டியவர் பதிமூன்று வாரத்தில் வருவார். இல்லாவிட்டால் டெலிகிராமில் யாரோ விற்கும் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்குவார்.

'போலீசைக் கூப்பிடுவோம்' என்றும் மிரட்டுகிறார்களாம். கூப்பிடுங்கள். கருக்கலைப்பு மலேசியாவில் முழுக்கச் சட்டவிரோதம் என்பது பொய். குற்றவியல் சட்டம் 312ஆம் பிரிவை 1989இல் திருத்தினார்கள். கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கலைப்பதைவிட அதிக ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு முடிவுசெய்தால் அது குற்றமாகாது. 2012இல் சுகாதார அமைச்சு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வழிகாட்டியே போட்டிருக்கிறது. இதை அறியாத டாக்டர்களும் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குள் பேச வேண்டிய வெட்கக்கேடு.

இந்தப் படியடிப் பழக்கம் நம் ஊரில் முளைத்ததல்ல. 2004இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நாற்பது நாள் தொடர் ஜெபமாகத் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு கிளினிக்கிலிருந்து இத்தனை மீட்டருக்குள் நிற்கக் கூடாது என்று அந்தந்த நாடுகள் கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா 2013லேயே 150 மீட்டர் என்றது. 2024இல் ஸ்காட்லாந்து 200, இங்கிலாந்து 150, அயர்லாந்து 100. அயர்லாந்தை நாம் மறக்கக் கூடாது. 2012 அக்டோபரில் கால்வே ஆஸ்பத்திரியில், பதினேழு வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய நிலையில், கருவுக்குத் துடிப்பு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே கலைக்காமல் தாமதித்து, ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தவர் இந்தியாவின் பெல்காமிலிருந்து போன பல் டாக்டர் சவிதா. வயது 31.

நம் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்திலும் ஆஸ்பத்திரி எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கூட்டம் கூடக் கூடாது. ஆனால் பட்டியலில் 'ஆஸ்பத்திரி' என்றுதான் இருக்கிறது. கடைவரிசை மாடிக் கிளினிக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

நானும் கோவிலுக்குப் போகிறவள்தான். ஜூலை மாதம் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் மெழுகுவர்த்தி பிடித்து நடந்திருக்கிறேன். மகப்பேறுக்காக அழுது வேண்டுகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் என் நோயாளிகள். ஜெபிக்க வேண்டுமா, அங்கே ஜெபியுங்கள். பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமா, இரவு ஷிப்டுக்குப் போகிற தாயின் மூன்று பிள்ளைகளை ஒரு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை யாரும் அதைக் கேட்டு என் மாடிக்கு வந்ததில்லை.

பெண்களுக்கு: தனியாக வராதீர்கள். கீழே யாராவது நின்றால் பதில் பேசவேண்டாம், பிரசுரம் வாங்கவேண்டாம், கிளினிக்குக்குப் போன் அடியுங்கள், மிஸ்ஸி இறங்கி வருவார். போனில் படம் பிடித்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். பயந்து திரும்பிவிட்டால் பரவாயில்லை, ஆனால் அன்றைக்கே கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேனை இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, மணிக்கு இரண்டு பேட் நனைகிற ரத்தப்போக்கு இரண்டு மணி நேரம் நீடிப்பது, இதில் எது வந்தாலும் எங்களைத் தேடவேண்டாம், நேரே ஜி.எச். எமர்ஜென்சி. மாத்திரை போட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், தயவுசெய்து.

கணவன்மாருக்கு: மனைவியைக் கீழே இறக்கிவிட்டுக் கோப்பிக் கடைக்குப் போகாதீர்கள். கூடவே ஏறுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தார். முன்பக்கப் படியில் அன்று யாரும் இல்லை என்று மளிகைக் கடைக்காரரே போனில் சொல்லியிருந்தார். இருந்தும் பின்சந்து வழியாக, குப்பைத் தொட்டிகளைத் தாண்டித்தான் வந்தார். செருப்பெல்லாம் சாக்கடைத் தண்ணீர். மிஸ்ஸி ஒன்றும் கேட்காமல் துணி எடுத்துவரப் போனார்.