வைரஸ் விட்டுப்போன சுவிட்ச்

"மனித மரபணுத்தொகுதியில் 8 விழுக்காடு பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம் என்கிறார்களே, அந்த நோய்கள் ஏன் நமக்கு வருவதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த மிச்சங்களில் பெரும்பாலானவற்றில் வைரஸின் மரபணுக்களே இப்போது இல்லை. அவற்றை இயக்கிய சுவிட்ச் மட்டும் தங்கிவிட்டது.

வைரஸ் உள்ளே வந்த கதை எளிது. ரெட்ரோவைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி செல்லின் குரோமோசோமில் செருகிவிடும். விந்தணுவையோ சினைமுட்டையையோ உண்டாக்கும் செல்லில் இது நடந்துவிட்டால், சந்ததிக்கும் அது மரபாகப் போய்ச்சேரும்.

சுவிட்சின் கதைதான் அபாரம். நம் புரத மரபணுக்களில் 'புரோமோட்டர்' என்னும் சுவிட்சின் பெரும்பகுதி, படியெடுப்பு (டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதுவது) தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருப்பதால், ஆர்.என்.ஏ.வில் அது இடம்பெறாது. நமக்கு நட்டமில்லை; மூலம் குரோமோசோமில் பத்திரமாக இருக்கிறது. வைரஸுக்கு அந்த ஆர்.என்.ஏ.தான் முழுச்சொத்து. சுவிட்சைத் தொலைத்துவிட்டு அடுத்த செல்லுக்குப் போனால் அங்கே வாய் திறக்க முடியாது.

அதனால் அதன் ஆர்.என்.ஏ.வின் வால் முனையில் சுவிட்சின் பிரதி ஒன்று உண்டு. பெயர் யு3. தலை முனையில் ஆர், யு5 என்ற துண்டுகள். வாலில் யு3, அதன்பின் அதே ஆர். செல்லிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு டி.ஆர்.என்.ஏ.வை (ஒரு குட்டி ஆர்.என்.ஏ.) பற்றிக்கொண்டு, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி தலைக்கு அருகிலேயே வேலையைத் தொடங்குகிறது. யு5, ஆர் இரண்டையும் டி.என்.ஏ.வாக்கியதும் ஆர்.என்.ஏ. முடிந்துபோகிறது. படியெடுத்த ஆர்.என்.ஏ.வை நொதியின் இன்னொரு பகுதி சிதைக்கிறது. தனித்து நிற்கும் குட்டி டி.என்.ஏ. இழை, வாலில் உள்ள ஆர் துண்டோடு ஜோடி சேர்ந்து அங்கே தாவுகிறது. யு3 தொடங்கி மீதி முழுவதையும் படியெடுக்கிறது. இரண்டாம் இழை உருவாகும்போது இன்னொரு தாவல். முடிவில் இரு முனைகளிலும் யு3, ஆர், யு5 என்ற முழு வரிசை அமைந்துவிடும். முனைகளில் திரும்ப வரும் இந்த நீண்ட வரிசையே எல்.டி.ஆர். ஒரு சுவிட்சோடு கிளம்பியது இரண்டோடு குடியேறுகிறது!

செருகும்போது இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பிறகு தனித்தனியே பிழைகள் சேர்வதால், வேறுபாடுகளை எண்ணிச் செருகலின் வயதைக் கணிக்கலாம். ஒன்றுபோல் இருப்பதாலேயே அவை தமக்குள் இணைந்து, நடுவிலுள்ள வைரஸ் மரபணுக்களை வெளியே தள்ளியும் விடுகின்றன. மனிதரில் ஏறத்தாழ 90 விழுக்காடு செருகல்கள் இப்படித் தனி எல்.டி.ஆர்.களாகச் சுருங்கியவை.

செல் இவற்றின்மீது மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதி ஒட்டுகளை ஒட்டி அணைத்து வைக்கிறது. அது அரைகுறையானால் என்ன ஆகும்? ஒரு வகை ஆய்வக எலியில் ரோம நிறத்தைத் தீர்மானிக்கும் அகூட்டி மரபணுவுக்கு முன்னால் ஐ.ஏ.பி. என்ற ரெட்ரோவைரஸ் வகைச் செருகல் உண்டு. மெத்தில் இல்லாத குட்டி மஞ்சளாகப் பிறந்து கொழுக்கிறது. மெத்தில் ஏறிய குட்டி பழுப்பு நிறம். தாய்க்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டைன் கூடுதலாகக் கொடுத்தால் பழுப்புக் குட்டிகள் அதிகரிப்பதை 2003-இல் காட்டினார்கள். மனிதரிலோ ஒரு செருகலை உடல் தன் வேலைக்கே எடுத்துக்கொண்டது: நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றாக இணைக்கும் சின்சிட்டின்-1, ஒரு காலத்தில் வைரஸின் உறைப்புரதம்.

'பழைய வைரஸ் விழித்துக்கொண்டது' என்ற ஆய்வுச் செய்திகளில் நான் முதலில் பார்ப்பது செய்முறையைத்தான். ஒரே குடும்பத்தின் நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒவ்வொரு செல்லிலும் இருப்பதால், ஆர்.என்.ஏ. மாதிரியில் துளி டி.என்.ஏ. மிஞ்சினாலும், டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். சோதனை பொய் சொல்லும். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியிட்ட பிறகு, தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்ட வேண்டும். அதிலும் சமிக்ஞை வந்தால் அளவீடு செல்லாது. மரபு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் வரிசையறிதலிலும் 100 எழுத்துத் துண்டு எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று பிரிப்பது கடினம். நீளமான துண்டுகள் தேவை. இத்தகைய சரிபார்ப்புக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது தவறான சிக்கனம்.

நாட்பட்ட சோர்வு நோயாளிகளின் ரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. வைரஸைக் கண்டதாக 2009-இல் வெளியான ஆய்வு, 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வகத்தில் மனிதப் புற்றுக்கட்டியை எலிகளில் வளர்த்தபோது, எலியின் மரபணுத்தொகுதியிலேயே தங்கிவிட்ட இரண்டு உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் இணைந்து உருவான வைரஸ் அது. நம்பிக்கையோடு காத்திருந்த நோயாளிகளுக்கு அது பெரிய அடி. இப்படிப்பட்ட ஆய்வுகளில் நோயாளியின் மாதிரியில் எலி டி.என்.ஏ. கலந்திருக்கிறதா என்று சோதிக்கத் தேடுவது, முன்பு பார்த்த ஐ.ஏ.பி. வரிசையைத்தான். ஒரே எலிச் செல்லில் அது ஏறத்தாழ 1,000 பிரதிகள் இருப்பதால், மிகச் சிறிய கலப்பும் சிக்கிவிடும்.