இடது இருக்கைக்கு மணிக்கணக்கு மட்டும் போதுமா?

இந்தியாவில் 200 மணி நேரம் பறந்தால் வணிக விமானி உரிமம் பெற்றுத் துணை விமானி ஆகலாம். விமானி அறையின் இடது இருக்கையில் அமரும் தலைமை விமானிதான் கேப்டன்; அவர் ஆவதற்கான உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். அமெரிக்காவிலோ துணை விமானிக்கே பொதுவாக 1500 கேட்கிறார்கள். 2009இல் பஃபலோ நகருக்கு அருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு வந்த விதி அது. ஆனால் அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1500ஐத் தாண்டியவர்கள்தான்!

அப்படியானால் இந்த மணிகள் எதைத் தருகின்றன? திரும்பத் திரும்பச் செய்யும்போது விமானத்தைக் கையாள்வது கைப்பழக்கமாகிவிடுகிறது. கவனத்தில் பெரும்பகுதி மற்றவற்றுக்கு மிஞ்சுகிறது. எல்லா மணிகளும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். 14 மணி நேர நெடும்பயணத்தில் ஏற்றமும் இறக்கமும் ஒரே ஒரு முறைதான். குறுந்தூர விமானி அதே நேரத்தில் பத்துத் தடவைகூடத் தரையிறங்கிவிடுவார்.

மிஞ்சிய கவனத்தை எங்கே வைப்பது என்பதை மணிகள் கற்றுத்தருவதில்லை. நெருக்கடியில் மனித மனம் ஒரே பொருளைப் பிடித்துக்கொள்ளும். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய, யுனைடெட் நிறுவனத்தின் 173 என்ற எண் கொண்ட விமானத்தின் கேப்டன், சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்திலேயே ஒரு மணி நேரம் வட்டமிட்டார். எரிபொருள் தீர்ந்துவருவதைச் சக ஊழியர்கள் தயங்கியபடி சொன்னார்கள். அவர் மனதில் அது பதியவில்லை. இன்ஜின்கள் நின்றன, 10 பேர் இறந்தனர். அவருடைய அனுபவம் 27,000 மணி நேரத்துக்கும் மேல். அந்த விபத்தின் பாடத்தை வைத்து, குழுவாக முடிவெடுக்கும் பயிற்சியை 1981இல் யுனைடெட் தொடங்கியது. விமானப் பாதுகாப்பில் இதைவிட மதிப்புள்ள மாற்றம் அதிகமில்லை என்பேன்.

இன்றைய கேப்டன் பயிற்சி இதைத்தான் சோதிக்கிறது. விமானி அறையைப் போலவே அமைந்த சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கருவியில் ஓர் இன்ஜின் பழுதாகும், பயணி ஒருவர் மயங்கி விழுவார், இறங்க வேண்டிய ஊரில் மூடுபனி சூழும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓட்டும் பொறுப்பைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு யோசிக்கிறாரா, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தன் கருத்தைச் சொல்லும் முன்பே கேட்கிறாரா என்று தேர்வாளர் கவனிப்பார். பிறகு நிஜப் பயணங்கள்: புதியவர் இடது இருக்கையில், பயிற்சிக் கேப்டன் வலதில். இறுதிச் சோதனையில் தேறாதவர் பெரும்பாலும் துணை விமானி வேலைக்கே திரும்பி, பின்னர் மறுபடி முயல்வார்.